மட் விளையாட்டுகளைத் தொடங்குவது எப்படி?

கேள்வி: ஈசூன் வாசகர், சிங்கப்பூர், 2 ஜூன் 2025

அக்கா, தொடக்கக் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். ஜூன் விடுமுறை தொடங்கிவிட்டது. படமே இல்லாமல் எழுத்தால் மட்டும் பலர் சேர்ந்து விளையாடும் மட் விளையாட்டைப் பற்றி நண்பன் சொன்னான். நேற்று ஒன்றில் நுழைந்தேன். எழுத்து ஓடிக்கொண்டே இருந்ததால் ஒன்றும் புரியாமல் வெளியேறிவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது? கட்டளைகளை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

2 ஜூன், இரவு

மனப்பாடம் வேண்டாம், தம்பி. பத்துப் பன்னிரண்டு கட்டளைகள் போதும். திசைகளுக்கு அவற்றின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்து, சுற்றிப் பார்க்க ‘லுக்’, கையிருப்பைக் காண ‘இன்வென்டரி’, உங்கள் நிலையை அறிய ‘ஸ்கோர்’, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க ‘ஹூ’, எடுக்க ‘கெட்’, போட ‘டிராப்’, பேச ‘சே’, சண்டையிலிருந்து தப்பி ஓட ‘ஃப்ளீ’. ஏறத்தாழ எல்லா மட்களுக்கும் இவை பொது. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா முதல் மட்டை எழுதத் தொடங்கினார், ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தெடுத்தார். அன்றைய கணினி முனையங்கள் மிக மெதுவானவை என்பதால் ஓரிரு எழுத்தில் கட்டளையிடுவதே வசதியாக இருந்தது, அந்த வழக்கம் இன்றுவரை நீடிக்கிறது.

நீங்கள் மிரண்டதற்குக் காரணம் கட்டளை தெரியாதது அன்று. திரையில் ஓடியவற்றில் பெரும்பகுதி உங்களுக்கானதே இல்லை. ஏலம், அரட்டை, குழுச் செய்தி எனப் பல பொது அலைவரிசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். ‘சேனல்ஸ்’ என்று தட்டினால் அவற்றின் பட்டியல் வரும். புதியவர்களுக்கான அலைவரிசை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடிவிடுங்கள். அதன் பிறகு திரையில் எஞ்சுவது நீங்கள் நிற்கும் இடம்: முதலில் இடத்தின் பெயர், அடுத்து நான்கைந்து வரி வருணனை, பிறகு வெளியேறும் திசைகள், கடைசியில் அங்கே கிடக்கும் பொருள்களும் நிற்கும் ஆள்களும்.

அந்த நான்கைந்து வரிகளை எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் கருத்தில் விளையாட்டே அங்கேதான் இருக்கிறது. ஒருமுறை ஒரு பாழடைந்த முற்றத்தில் நின்றேன். வருணனையின் நடுவில் “கிணற்றடியில் பாசி படர்ந்திருக்கிறது” என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. கிணற்றைப் பார்க்கக் கட்டளையிட்டேன். சுவரின் ஒரு பக்கத்தில் மட்டும் கயிறு உரசிய தடம் இருப்பதாக விடை வந்தது. தடத்தைப் பார்த்தேன். அதற்குக் கீழே கால் வைக்கும் அளவுக்குக் கல் பெயர்ந்திருந்தது. வெளியேறும் திசைகளில் ‘கீழே’ என்பது இல்லை. இருந்தும் இறங்கக் கட்டளையிட்டதும், அந்த முற்றத்தை நாள்தோறும் ஓடிக் கடந்தவர்கள் பலரும் அறியாத ஒரு நிலவறைக்குப் போய்ச் சேர்ந்தேன். வருணனையில் வரும் பெயர்ச்சொற்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் உங்களுக்கு மட் விளையாடத் தெரிந்துவிட்டது என்று பொருள்.

ஆகவே முதல் வாரம் சண்டை வேண்டாம். நடங்கள், படியுங்கள், பாருங்கள்.

3 ஜூன், காலை

எதைக் கொண்டு இணைவது என்று கேட்டிருக்கிறீர்கள். மட்லெட் என்ற இலவசச் செயலி போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். எழுத்தை மட்டும் அனுப்பிப் பெறும் பழைய டெல்நெட் நிரலிலும் இணையலாம் என்றாலும், நீங்கள் தட்டச்சு செய்யும் வரியின் நடுவிலேயே உள்வரும் எழுத்துகள் புகுந்து குழப்பும். மட்லெட்டில் தட்டச்சு செய்யும் பெட்டி தனியாக இருக்கும். முகவரி ஒன்று, போர்ட் எண் (அந்த முகவரியில் நுழையும் வாயிலின் எண்) ஒன்று, இரண்டும் இருந்தால் இணைந்துவிடலாம்.

கடவுச்சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மட்லெட்டும் பயன்படுத்தும் டெல்நெட் இணைப்பில் நீங்கள் தட்டுவது மறையாக்கம் இல்லாமல் அப்படியே போகிறது. வயர்லெஸ்@எஸ்ஜி போன்ற பொது இணைப்பில் விளையாடினாலும் சரி, வீட்டில் விளையாடினாலும் சரி, மின்னஞ்சலுக்கோ வங்கிக்கோ வைத்திருக்கும் கடவுச்சொல்லை இங்கே பயன்படுத்தாதீர்கள். பாதுகாப்பான இணைப்புக்கென்று வேறொரு போர்ட் எண்ணைத் தரும் மட்களும் உண்டு. இருந்தால் அதையே எடுங்கள்.

3 ஜூன், மதியம்

பள்ளி, நூலக இணைப்புகளில் வழக்கத்துக்கு மாறான போர்ட் எண்கள் அடைக்கப்பட்டிருக்கலாம். அப்போது அந்த மட்டின் இணையதளத்திலேயே உலாவி வழியாக நுழைய வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய மட்கள் பலவற்றில் இருக்கிறது.

5 ஜூன்

எந்த மட்? இதற்கு ஒரே விடை சொல்ல முடியாது, ஏனென்றால் மட் என்ற ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு குடும்பங்கள் இருக்கின்றன. 1989இல் ஜிம் ஆஸ்ப்னஸ் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் எழுதிய டைனிமட் வழிவந்தவற்றில் சண்டையைவிடப் பேச்சும் கூடிக் கட்டுவதும் முதன்மை. அதே ஆண்டு சுவீடனில் லார்ஸ் பென்ஷோ எழுதிய எல்பிமட் வழிவந்தவற்றில், உலகத்தைக் கட்டுபவர்கள் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே நிரல் எழுதலாம் என்பதால் வியப்பான பொருள்கள் நிறைய. பின்லாந்தின் பேட்மட் இந்த வழியில் வந்து 1990இலிருந்து நடக்கிறது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணினித்துறை மாணவர்கள் ஐவர் உருவாக்கிய டிக்குமட் வழிவந்தவற்றில் சண்டை, ஆயுதம், படிநிலை ஆகியவையே முதுகெலும்பு.

டிக்கு வழியில் ஒரு வசதி உண்டு. அந்த மாணவர்கள் தம் நிரலுடன் மிட்கார்ட் என்ற நகரத்தையும் சேர்த்தே கொடுத்தார்கள். பின்னர் வந்த நூற்றுக்கணக்கான மட்கள் அந்த நகரத்தை அப்படியே வைத்துக்கொண்டன. கோயிலில் கண்விழிப்பீர்கள், தெற்கே போனால் கோயில் சதுக்கம், அதற்கும் தெற்கே சந்தைச் சதுக்கம். ஒரு மட் உலகில் இதை நடந்து பழகியவருக்கு வேறொன்றில் நுழைந்தவுடன் சொந்த ஊருக்கு வந்ததுபோல் இருக்கும். ஆனால் எல்லா ஊரும் ஒரே ஊராக இருப்பதில் சலிப்பும் உண்டு.

உங்களுக்கு நான் சொல்வது ஆர்ட்வுல்ஃப். 1996இல் தொடங்கியது, இலவசமானது, போர்ட் எண் 4000. புதியவர்களுக்கென்று ஒரு பயிற்சிக்கூடமே உள்ளே வைத்திருக்கிறார்கள். 1997இல் தொடங்கிய அக்கேயாவும் நன்றாக எழுதப்பட்ட உலகம்தான். விளையாடக் காசு வேண்டாம், ஆனால் சிறப்புப் பொருள்களையும் திறன்களையும் வெள்ளி கொடுத்து வாங்கும் வழி அங்கே திறந்திருக்கிறது. மாணவராக இருக்கும்வரை அந்தக் கதவைத் தட்டாமல் விளையாடுங்கள்.

5 ஜூன், இரவு

பார்ட்டில் 1996இல் எழுதிய கட்டுரை ஒன்றில் மட் விளையாடுபவர்களைச் சாதிப்பவர், தேடி அலைபவர், பழகுபவர், பிறரைத் தாக்குபவர் என நான்காகப் பிரித்தார். நீங்கள் இவற்றில் எந்த வகை என்று முன்கூட்டி முடிவு செய்யத் தேவையில்லை. ஆனால் ஒரு மட்டின் ‘ஹூ’ பட்டியலையும் விதிகளையும் படித்தால் அது எந்த வகையினருக்கான இடம் என்று தெரிந்துவிடும். பிறரைத் தாக்கலாம் என்று விதி இருந்தால், தாக்குவார்கள்.

7 ஜூன், சனிக்கிழமை காலை

இரவு ஒன்பது மணிக்கு உள்ளே போனால் ஆளே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது நியூயார்க்கில் காலை ஒன்பது மணி, எல்லாரும் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். அமெரிக்க மட்களில் கூட்டம் சேர்வது அவர்களது இரவு எட்டு மணிக்கு, அது நமக்கு மறுநாள் காலை எட்டு மணி. ஆகவே சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குச் சனி, ஞாயிறு காலைகளே பொன்னான நேரம். அங்கே அது வெள்ளி, சனி இரவு. ஐரோப்பிய மட் என்றால் நமது வார இறுதி இரவுகள் பொருந்தும்: இங்கே இரவு ஒன்பது என்றால் லண்டனில் பிற்பகல் இரண்டு, ஹெல்சிங்கியில் மாலை நான்கு. இன்று ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையும் சேர்ந்திருக்கிறது, இப்போதே போய்ப் பாருங்கள்.

தொலைவால் விளையாட்டு தாமதமாகாதா என்றும் கேட்டீர்கள். படவிளையாட்டுகளில் அது பெரிய சிக்கல். இங்கே சண்டையின் ஒரு சுற்றே பெரும்பாலும் இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறைதான் நடக்கும். அதில் கால் நொடி தாமதம் யாரையும் கொல்லாது. நாம் இருக்கும் இடத்திலிருந்து உலகத்தின் எந்த மூலையிலுள்ளவர்களோடும் சமமாக விளையாட முடிகிற பல்லாள் விளையாட்டு இது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

கைப்பேசியில் விளையாடுவதில் மட்டும் கவனம் வேண்டும். வீட்டு வைஃபையிலிருந்து வெளியே வந்து கைப்பேசித் தரவுக்கு மாறும் நொடியில் இணைப்பு அறுந்துவிடும். நீங்கள் போய்விட்டாலும் உங்கள் பாத்திரம் சற்று நேரம் அங்கேயே நிற்கும், சண்டையின் நடுவில் என்றால் அடி வாங்கிக்கொண்டே நிற்கும். எம்ஆர்டி ரயில் ஏறும் முன் சத்திரத்துக்கோ கோயிலுக்கோ பாத்திரத்தைக் கொண்டுபோய், முறையாக வெளியேறிவிடுங்கள்.

8 ஜூன்

வரைபடம். மட்லெட்டிலேயே தானாக வரையும் வசதி இருக்கிறதே, கையால் வரைய வேண்டுமா என்று இங்கே இருவர் கேட்டிருக்கிறார்கள். தொடக்கத்தில் கையால் வரையுங்கள். கட்டம்போட்ட கணக்கு நோட்டுப் போதும்: ஓர் இடத்துக்கு ஒரு கட்டம், நடுவில் பெயர், ஓரத்தில் அங்கே பார்த்த ஒரே ஒரு முக்கியமான பொருள். தானியங்கி வரைபடம் திசையை மட்டும் வைத்துக்கொள்கிறது. ரொட்டிக் கடைக்காரரின் பின்சுவரில் ஏன் விரிசல் இருந்தது என்று அது எழுதி வைக்காது.

நோட்டில் வரையும்போது ஒரு கட்டத்தில் கணக்கு உதைக்கும். வடக்கே போய்த் தெற்கே திரும்பினால் புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும், சில காடுகளிலும் குகைகளிலும் வராது. புதிர்ப்பாதையாக வேண்டுமென்றே கட்டியிருப்பார்கள். தனியாள் விளையாடும் பழைய உரை விளையாட்டுகளில் ஒவ்வோர் இடத்திலும் ஒரு பொருளைப் போட்டு அடையாளம் வைப்பார்கள். மட் உலகில் அந்த உத்தி பாதிதான் பலிக்கும், ஏனென்றால் நீங்கள் போட்ட பொருளைப் பின்னால் வருபவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். எவரும் விரும்பாத ஒன்றைப் போடுங்கள். காலித் தண்ணீர்க்குடுவையை யாரும் தொடுவதில்லை.

9 ஜூன்

நேற்று எழுதியதற்கு ஒரு துணைக்குறிப்பு. ஆயிரக்கணக்கான இடங்கள் கொண்ட பெரிய மட்களில் கடைசிவரை நோட்டில் வரைந்துகொண்டிருக்க முடியாது. முதல் நகரத்தையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் கையால் வரைந்து முடித்த பிறகு தானியங்கிக்கு மாறிக்கொள்ளலாம்.

11 ஜூன்

ஈசூன் தம்பி செத்துவிட்டார், வாழ்த்துகள். சாகாமல் யாரும் இந்த உலகங்களைக் கற்றதில்லை.

அவர் கேட்பது: உயிர் திரும்பிக் கோயிலில் எழுந்தேன், கையில் ஒன்றுமில்லை, என் பொருள்கள் எங்கே? பல டிக்கு வழி மட்களில் அவை விழுந்த இடத்திலேயே உங்கள் பிணத்தோடு கிடக்கும். நீங்கள் வெறுங்கையோடு மீண்டும் அங்கே போய் எடுக்க வேண்டும். உங்களைக் கொன்றது அங்கேயே நின்றுகொண்டிருக்கும். காலம் கடந்தால் பிணம் அழுகிப் பொருள்களும் மறைந்துவிடலாம்.

கேளுங்கள். பலர் இதைச் செய்யத் தயங்குகிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். எனக்கு இது முதன்முதலில் நேர்ந்தபோது புதியவர் அலைவரிசையில் ஒரே வரி எழுதினேன். பின்லாந்துக்காரர் ஒருவர் எங்கிருந்தோ நடந்து வந்து கோயிலில் என் பக்கத்தில் நின்றார். “என்னைப் பின்தொடர்” என்றார். ‘ஃபாலோ’ என்று தட்டினேன். அதன் பிறகு திரையில் அவர் போகும் ஒவ்வோர் இடமும் என் இடமாக வந்துகொண்டிருந்தது. நான் விழுந்த பாலத்தின் முன்னால் அவர் நின்று, காவல் நிற்கும் பூதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “இப்போது எடு” என்று மட்டும் எழுதினார். எடுத்தேன். அவர் திரும்பி வந்து எனக்கு ஒரு விளக்கையும் கொடுத்துவிட்டு, இனி பெரிய எதிரியைத் தொடும்முன் ‘கன்சிடர்’ என்ற கட்டளையால் அதன் பலத்தைத் தெரிந்துகொள்ளச் சொன்னார். ஆள் குறைந்துவிட்ட உலகங்கள் இவை. ஒவ்வொரு புதியவரும் தங்கிவிட வேண்டும் என்று அங்கிருப்பவர்கள் மனதார விரும்புகிறார்கள்.

முதல் வாரம் சண்டை வேண்டாம் என்றேன், தம்பி பூதத்தோடு மோதியிருக்கிறார். பதினேழு வயதில் வேறெப்படி இருக்க முடியும்?

13 ஜூன்

தோ பாயோ வாசகி ஒருவர், எனக்குப் பார்வை இல்லை, எழுத்தைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானைக் கொண்டு கணினியைப் பயன்படுத்துகிறேன், எனக்கு இது சரிப்படுமா என்று கேட்டிருக்கிறார். சகோதரி, உங்களுக்குச் சரிப்படும். பார்வை இல்லாதவர்கள் மட் உலகங்களில் பல ஆண்டுகளாகவே நிறைய இருக்கிறார்கள். குழுத்தலைவராக, உலகத்தைக் கட்டுபவராக, பிறருக்கு வழிகாட்டுபவராக இருப்பவர்கள் உண்டு. நீங்கள் எந்த நிறுவனத்திடமும் சலுகை கேட்டு நிற்க வேண்டியதில்லாத விளையாட்டு இது, ஏனென்றால் இதில் உள்ளவை எல்லாம் எழுத்து.

விண்டோஸில் என்விடிஏ என்ற திரைவாசிப்பானைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், மட்களில் இணைய உதவும் மஷ்கிளையன்ட் செயலியை அதனோடு பேசவைக்கும் துணைநிரல்கள் உண்டு. பல மட்கள் பாத்திரம் உருவாக்கும்போதே திரைவாசிப்பான் பயன்படுத்துகிறீர்களா என்று கேட்கும். ‘ஆம்’ என்றால் கோடுகளாலும் குறிகளாலும் வரைந்த படங்களை நிறுத்திவிட்டுச் சொற்களாக மட்டும் அனுப்பும். சண்டை வரிகள் வேகமாக வந்து காதை அடைக்கும் என்பதே நடைமுறைச் சிக்கல். தேவையற்ற வரிகளை மறைக்கும் ‘ட்ரிகர்’ அமைத்துக்கொள்ளலாம், அல்லது சண்டையைச் சுருக்கமாகக் காட்டச் சொல்லும் அமைப்பை விளையாட்டிலேயே தேடலாம். முதலில் இரண்டாவதைச் செய்யுங்கள்.

14 ஜூன்

தாய் ஒருவர் கேட்டிருப்பது: உயர்நிலை இரண்டில் படிக்கும் மகளை விடலாமா? பெரும்பாலான மட்கள் பெரியவர்களால் பெரியவர்களுக்கென்று நடத்தப்படுபவை. வயது விதியை முதலில் பாருங்கள். தொல்லை கொடுப்பவரின் பேச்சை ‘இக்னோர்’ கட்டளை மறைத்துவிடும். செயலியில் உரையாடலைப் பதிவு செய்யும் வசதியை எப்போதும் இயக்கி வைத்தால் நிர்வாகிகளிடம் முறையிடச் சான்று இருக்கும். உண்மைப் பெயரும் பள்ளியும் அங்கே யாருக்கும் தேவையில்லை. நானும் பெண்ணாக இந்த உலகங்களில் பல ஆண்டுகள் இருந்தவள். நிர்வாகிகள் முறையீட்டுக்கு விடை சொல்லாத மட்டில் ஒரு நாள்கூடத் தங்காதீர்கள் என்பதே நான் தரக்கூடிய உறுதியான அறிவுரை. முதல் சில வாரங்கள் நீங்களும் அவள் பக்கத்தில் அமர்ந்து விளையாடுங்கள். நல்ல ஆங்கிலமும் சேர்ந்து வரும்.

17 ஜூன்

வேடம் ஏற்பதைப் பற்றி. நடிப்பைக் கட்டாயமாக்கும் மட்களில் நான் 2ஆம் தேதி சொன்னவை அப்படியே பொருந்தாது. அங்கே நுழையும் முன்னரே உங்கள் பாத்திரத்தின் பிறப்பு, தொழில், குணம் ஆகியவற்றை எழுதிக்கொடுத்து நிர்வாகிகளின் ஒப்புதல் பெற வேண்டியிருக்கலாம். உள்ளே போன பிறகு தேர்வு, கால்பந்து, சாப்பாடு என்று வெளியுலகப் பேச்சை எடுத்தால் கண்டிப்பார்கள். வெளியுலகப் பேச்சுக்கென்று தனி அலைவரிசை இருக்கும். ‘இமோட்’ கட்டளையால் உடல்மொழியை எழுதுவது அங்கே உயிர்நாடி. தன் உணர்ச்சியைப் பெயரிட்டு எழுதுபவரைவிட, “கோப்பையைக் கீழே வைக்காமலேயே பேசுகிறார்” என்ற மாதிரி எழுதுபவருடன் சேர்ந்து நடிக்கவே எல்லாரும் விரும்புவார்கள். படிநிலை முப்பதைத் தொட்டவர்கள்கூட இதில் முதல் வகுப்பு மாணவர்களே. ஆகவே இதை உங்கள் இரண்டாவது மட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் வைக்கும்போது வளவன், ஆதிரை, இளவேனில் என்று நம் பெயர்களை ஆங்கில எழுத்தில் கொடுத்துப் பாருங்கள். இன்றைய உலகப் பெயர்களை மறுக்கும் மட்களும் இவற்றை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். எழுத்து எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும், நெடுஞ்செழியன் போன்றவற்றுக்கு இடமிராது.

22 ஜூன்

ஈசூன் தம்பியும் அவருடைய வகுப்புத் தோழர்களும் டிசம்பர் விடுமுறையில் தமிழிலேயே ஒரு மட் கட்டலாமா என்று கேட்டிருக்கிறார்கள். இந்த இழையில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த கேள்வி இதுதான். 1997இல் தமிழ்நெட் 97 மாநாடு நடந்த ஊர் நம்முடையது. கணியன் மென்பொருளை உருவாக்கிய நா. கோவிந்தசாமி போன்றவர்கள் கணினியில் தமிழ் எழுத்தைக் கொண்டுவரவே போராடிய காலம் அது. இன்று அந்தத் தடை இல்லை.

பழைய டிக்கு நிரலை எடுக்காதீர்கள். அதன் வழிவந்தவை பலவும் ஆங்கில எழுத்துக்குறிகளைத் தவிர மற்றவற்றை உள்ளே வரும்போதே வடிகட்டித் தள்ளிவிடும். வடிகட்டியை அகற்றினாலும் வரிகளை மடிப்பதில் தகராறு வரும்: எழுத்தைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க்குறிக்கும் மூன்று பைட், ‘கொ’ என்பதற்கு ஆறு. எண்பது பைட்டுக்கு ஒரு வரி என்று எண்ணும் நிரல் சொல்லின் நடுவிலேயே வெட்டும். பைத்தான் நிரல்மொழியில் எழுதப்பட்ட எவெனியா என்ற இலவசக் கட்டமைப்பு, தமிழ் உட்படப் பல மொழி எழுத்துகளுக்கான யூனிகோடை ஏற்கிறது, உலாவி வழியாக நுழையும் வசதியும் அதனோடு வருகிறது. பைத்தான் தெரிந்த மாணவர்களுக்கு அதுவே சரி.

உண்மையான வேலை கட்டளையைப் புரிந்துகொள்ளும் பகுதியில் இருக்கிறது. இந்தக் கட்டமைப்புகள் முதற்சொல்லை வினை என்று எடுத்துக்கொள்ளும், நாமோ “வாளை எடு” என்று வினையைக் கடைசியில் வைப்போம். பொருளின் பெயரும் அப்படியே நிற்காது: வாள் வாளை ஆகும், மரம் மரத்தை ஆகும், விளக்கு என்பது “விளக்கில் எண்ணெய் ஊற்று” என்று வரும். எல்லாச் சொல்லுக்கும் இலக்கண விதி எழுத முற்பட்டால் டிசம்பர் முடிந்துவிடும். ஒவ்வொரு பொருளுக்கும் அதன் உருபேற்ற வடிவங்களை எவெனியாவின் மாற்றுப்பெயர்ப் பட்டியலில் கையால் சேர்த்துவிடுங்கள், கடைசிச் சொல்லை வினையாக எடுக்கும்படி கட்டளை பிரிக்கும் பகுதியை மட்டும் மாற்றி எழுதுங்கள்.

23 ஜூன்

எத்தனை இடங்கள் கட்டுவது என்ற கேள்விக்கு: பத்துக்கு மேல் வேண்டாம். ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் கீழ்த்தளம், மின்தூக்கி, ஒரு நடைவழி, இரண்டு வீடுகள், பின்னால் உள்ள உணவங்காடி என்று நீங்கள் நன்கு அறிந்த இடத்தையே எடுங்கள். ஒவ்வோர் இடத்தின் வருணனையிலும் வரும் பெயர்ச்சொல் எதைப் பார்க்கக் கட்டளையிட்டாலும் விடை வரும்படி செய்யுங்கள். அஞ்சல்பெட்டி என்று எழுதினால் அஞ்சல்பெட்டியைத் திறக்க முடிய வேண்டும், உள்ளே கடிதம் இருந்தால் அதைப் படிக்க முடிய வேண்டும். சர்வரை இயக்கியதும் போர்ட் எண்ணை இங்கே இடுங்கள், நான் வந்து ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து எது உடைகிறது என்று எழுதித் தருகிறேன்.